பின்பாரம்

மாட்டு வண்டியில் பிரயாணம் செய்து பழகிய நேயர்களுக்கு ஒரு குரல் நினைவிருக்கும். எல்லோரும் வண்டியில் ஏறி, வைக்கோல் மெத்தையின்மேல் கால்களை மடக்கி, வெற்றிலைப் பெட்டியையும் கூஜாவையும் பத்திரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்த பிறகு, வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "சாமி, கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க, பின்பாரமா இருக்குது" என்பான். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. அந்த நிலையை வண்டிக்காரன் தராசு இல்லாமல், கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான்.

இந்தச் சாஸ்திரத்தை அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாகாணத்திலே, மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மறுபடியும் படிக்க நேருமென்று நாம் கனவிலும் எண்ணியதில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு டிரெய்லர் வாங்கினார். காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் குட்டி வீடு அது. முன்புறம் உருண்டு திரண்டு, பின்புறம் சரிந்து மெலிந்து ஒரு நீர்த்துளியைப் போல் இருப்பதால் அமெரிக்கர்கள் அதற்குக் 'கண்ணீர்த்துளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மங்களகரமான பெயர் என்று சொல்வதற்கில்லை; ஆயினும் பரம்பரை பழமையானது. 1930-களில், கையில் காசு குறைந்து ஊர் சுற்றும் ஆசை மட்டும் குறையாமலிருந்த காலத்தில், வீட்டுக் கொட்டகையிலே ஒட்டுப்பலகையை அறுத்து அமெரிக்கர்கள் தாங்களே செய்துகொண்ட வண்டி இது. உள்ளே இருவர் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. பின்பக்கத்துக் கதவை மேலே தூக்கினால் அதுவே கூரையாகிவிடும். அதனடியில் அடுப்பு, அலமாரி, கழுவுதொட்டி எல்லாம் அடங்கிய சமையலறை.

சமையலறை வண்டியின் கடைக்கோடியில் இருக்கிறது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான்.

இழுக்கும் காரும் சிறியது. எஸ்.யூ.வி. என்னும் ஜாதியிலே சிறிய வகையைச் சேர்ந்த ஹோண்டா சி.ஆர்.-வி. ஹைப்ரிட் அல்லாத பெட்ரோல் வண்டி. அமெரிக்காவில் இந்தக் கார் இழுக்கலாமென்று அதன் கையேடு அனுமதிப்பது 1,500 ராத்தல். (பவுண்டு என்று இன்று சொல்வதைத்தான் நம் பாட்டனார் ராத்தல் என்றார், 1,500 ராத்தல் ஏறக்குறைய 680 கிலோ.) டிரெய்லரோடு வந்த துண்டுப் பிரசுரத்தில் அதன் எடை 1,020 ராத்தல் என்று அச்சிட்டிருந்தது. நண்பர் கணக்கில் புலி. "பார்த்தீரா? இன்னும் 480 ராத்தல் மிச்சம் இருக்கிறது! ஒரு கல்யாணத்துக்கே சாமான் ஏற்றலாம்!" என்றார்.

ஏற்றினார். நீர்த்தொட்டியில் 20 காலன் தண்ணீர். ஐஸ் நிறைந்த பெட்டி. அரிசி மூட்டை, பருப்பு, இட்லிப் பானை. மடக்கு நாற்காலிகள் நான்கு, நாமும் அவரும் படுப்பதற்கு ஒரு கூடாரம், ஒரு கட்டு விறகு. "மாவு அரைத்துப் பொங்க வைக்காமல் நான்கு நாள் எப்படி இருப்பது?" என்று அவருடைய மனைவியார் கேட்டதன்பேரில் மேஜைமேல் வைக்கும் கிரைண்டர் ஒன்று. சமையல் சம்பந்தப்பட்டவை யாவும் சமையலறைக்கே போவதுதானே நியாயம்? ஆகவே எல்லாம் வாலிலே போய்ச் சேர்ந்தன.

காரையும் டிரெய்லரையும் இணைக்கும் சடங்கு ரசிக்கத்தக்கது. காரின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருண்டை. டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கிப் பூட்ட வேண்டும். பிறகு இரண்டு காவல் சங்கிலிகள். அவற்றை நேராக மாட்டாமல் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு மாட்டுகிறார்கள். மூக்கு கழன்றுவிட்டால் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழுமாம். கடைசியில் விளக்குக் கம்பி. நண்பரின் ஒன்பது வயதுப் பெண் பின்னால் நின்றுகொண்டு, "இடது எரிகிறது! வலது எரிகிறது!" என்று கூவினாள். புறப்பட்டோம்.

நகரத்திலிருந்து வடக்கே 14-ஆம் எண் நெடுஞ்சாலை மலைகளினூடே ஏறி மூவாயிரம் அடிக்கு மேல் போய், பிறகு பாம்டேல் என்னும் ஊரை நோக்கிப் பாலைவனத்தில் இறங்குகிறது. ஏறும்வரையில் ஒரு குறையுமில்லை. இறங்கத் தொடங்கியதும் காரின் பின்புறம் இலேசாக அசைவது போல் தோன்றியது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைலுக்கு மேல் அனுமதியில்லை. நண்பர் அதை அறிவார். ஆனால் இறக்கத்தில் வேகம் தானே ஏறி 63-ஐ எட்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிச் சென்றது.

லாரி தள்ளிய காற்று டிரெய்லரின் பக்கவாட்டில் மோதிற்று. வால் வலப்புறம் போயிற்று, இடப்புறம் வந்தது, மறுபடி வலப்புறம் முன்னிலும் அதிகமாகப் போயிற்று. நாய் வாலை ஆட்டுவது போய், வால் நாயை ஆட்டுவதாக ஆயிற்று. நண்பர் பயந்து பிரேக்கை மிதித்தார். அதுதான் செய்யக்கூடாதது. கார் தயங்கிற்று, பின்னால் வந்த பாரம் தயங்கவில்லை, ஆட்டம் இரட்டிப்பாயிற்று. சக்கரங்களின் அலறலும் பின்சீட்டில் குழந்தையின் அலறலும் ஒன்றாய்க் கலந்தன. நமக்கு அப்போது மோட்டார் சாஸ்திரம் எதுவும் தோன்றவில்லை. குலதெய்வத்தின் பெயர்கூட முழுவதும் வாயில் வரவில்லை.

நண்பருக்கு எப்படியோ புத்தி வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், ஆக்ஸிலரேட்டரையும் தொடவில்லை. சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு அசையாதிருந்தார். மூன்று நான்கு முறை ஆடிவிட்டு வால் அடங்கிற்று. 40 மைல் வேகத்தில், ஒருவரும் பேசாமல், பாலைவனத்தில் இறங்கினோம்.

மொஹாவே என்ற ஊரின் அருகே லாரிகள் தங்கும் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். இத்தகைய நிலையங்கள் பலவற்றில் தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு பதித்திருக்கிறார்கள். லாரியோ காரோ அதன்மேல் ஏறி நின்றால், முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் என்று தனித்தனியே நிறுத்து ஒரு சீட்டு அச்சடித்துத் தருகிறது. முதலில் டிரெய்லரோடு ஒரு முறை, பிறகு அதைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் ஒரு முறை நிறுத்தோம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் உண்மை வெளிப்பட்டது.

டிரெய்லரின் எடை 1,700 ராத்தல்! அனுமதித்ததற்கு 200 அதிகம். அதுமட்டுமன்று. அந்த 1,700-இல் டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் தாங்கியது 1,640. மூக்கின் வழியாகக் காரின்மேல் இறங்கிய பாரம் அறுபதே ராத்தல்.

பக்கத்தில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழ லாரிக்காரர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வெண்தாடியைத் தடவிக்கொண்டு, "உங்கள் வண்டிக்குத் தலை லேசு, வால் கனம், ஆடாமல் என்ன செய்யும்?" என்ற அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் சொன்னார். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் நூற்றில் பதினைந்து பங்கு வரையில் மூக்கில் இருக்கவேண்டுமாம். அதற்குக் குறைந்தால் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பாரம் ஊசலைப்போல் வீச ஆரம்பித்துவிடும். மிகுந்தாலும் கெடுதல், காரின் பின்புறம் அமுங்கி, திசை திருப்பும் முன்சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும். நமக்கு உடனே நம் ஊர் வண்டிக்காரனின் குரல் காதில் ஒலித்தது. "பின்பாரமா இருக்குது, சாமி!" அவனும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"பிரசுரத்தில் 1,020 என்று போட்டிருக்கிறதே!" என்று நண்பர் புலம்பினார். அச்சிட்ட எடை என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வெறுங்கூட்டின் எடை. பாட்டரி, காஸ் சிலிண்டர், மாற்றுச் சக்கரம், வெயிலுக்கான பந்தல் என்று பிறகு பூட்டியவை அதில் சேரவில்லை. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் பெண்ணின் எடையை நகை இல்லாமல் சொன்ன கதைதான். தண்ணீருக்குக்கூடக் கனம் உண்டு என்பதை நண்பர் மறந்திருந்தார். ஓர் அமெரிக்க காலன் தண்ணீர் எட்டு ராத்தலுக்கு மேல். இருபது காலன் 167 ராத்தல். ஒரு தடித்த மாமனாரை டிரெய்லரின் அடியில் கட்டி இழுத்து வந்திருக்கிறார்!

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. 1,500 ராத்தலும் அதற்கு மேலும் உள்ள, ஆட்கள் தங்கும் இத்தகைய டிரெய்லருக்குத் தனியே பிரேக் இருக்கவேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். இந்த வண்டி இலேசானது என்ற நம்பிக்கையில் பிரேக் வைக்காத ரகமாக வாங்கியிருந்தார். அதாவது, இறக்கத்தில் அவ்வளவு பாரத்தையும் காரின் பிரேக்குகள் மட்டுமே தடுத்து வந்திருக்கின்றன.

ஒரு மணி நேரம் அந்த வெயிலில் வண்டியைக் குடைந்தோம். தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டார்கள்; குடிப்பதற்கு வேண்டியது மட்டும் புட்டிகளில். விறகுக் கட்டைக் கிழ லாரிக்காரர் பெற்றுக்கொண்டார். விறகை ஊர்விட்டு ஊர் கொண்டு போவதே தவறு, அதிலுள்ள பூச்சிகள் புதிய காட்டில் பரவும் என்று போகிற போக்கில் ஒரு பாடமும் நடத்தினார். ஐஸ் பெட்டியும் கிரைண்டரும் காருக்குள் வந்தன. மற்றவற்றை வாலிலிருந்து எடுத்து, படுக்கையின் முன்பகுதியில் அடுக்கினோம். காருக்கும் ஓர் எல்லை உண்டு. ஓட்டுகிறவரின் கதவுச் சட்டத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆட்கள், மூட்டைகள் எல்லாம் சேர்ந்து 850 ராத்தலுக்கு மிகலாகாது என்று இந்தக் காரின் சீட்டு சொல்லிற்று. டிரெய்லரின் மூக்குப் பாரமும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. நால்வருடைய எடையையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லும்படி நண்பர் கேட்டார். அம்மாள் தமது எடையைக் கணவரின் காதில் சொன்னார். நாம் சொன்ன எண்ணை ஒருவரும் நம்பவில்லை.

மறுபடியும் தராசு. மொத்தம் 1,380, மூக்கில் 140. பத்தில் ஒரு பங்கு சரியாக வந்துவிட்டது. அதன் பிறகு 55 மைலில், லாரிகள் எத்தனை தாண்டிப் போனாலும், வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் வந்தது.

சாலை பிறகு 395-ஆம் எண் நெடுஞ்சாலையோடு சேர்ந்து, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நுழைகிறது. இடப்புறம் ஸியர்ரா நெவாடா மலைத்தொடர் சுவரெடுத்தது போல் எழுந்து நிற்கிறது. அதில் 14,505 அடி உயரமுள்ள விட்னி சிகரம், அலாஸ்காவை நீக்கிப் பார்த்தால் ஐக்கிய நாடுகளிலேயே உயர்ந்தது. வலப்புறம், வரைபடத்தில் நீல வர்ணம் தீட்டி 'ஓவன்ஸ் ஏரி' என்று எழுதியிருக்கும் இடத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பும் புழுதியும் ஆங்காங்கே சேற்றுநீரும்.

ஏரி எங்கே போயிற்று என்றால், நாம் புறப்பட்ட ஊருக்குப் போயிற்று. 1913-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை 233 மைல் நீளக் கால்வாயில் திருப்பிக் கொண்டுபோயிற்று. வழியில் ஓரிடத்திலும் இயந்திரம் வைத்து இறைப்பதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும்படி கட்டியிருக்கிறார்கள். கட்டினவர் வில்லியம் மல்ஹாலண்ட் என்ற பொறியாளர். வித்தையை மெச்சத்தான் வேண்டும். 1920-களில் ஏரி வற்றிற்று. நகரம் குடியானவர்களின் நிலத்தையும் அதோடு நீருரிமையையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வந்தது. 1924-ஆம் வருஷம் நவம்பரில் இப்பகுதி ஜனங்கள் லோன் பைன் ஊருக்கு வடக்கே உள்ள அலபாமா மதகைக் கைப்பற்றி, தண்ணீரைப் பழைய ஆற்றிலேயே திறந்துவிட்டார்கள். பெண்டு பிள்ளைகளோடு நான்கு நாள் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துத் தங்கினார்கள். ஏறக்குறைய சத்தியாக்கிரகம்! பயன் நீடிக்கவில்லை. வற்றிய ஏரியின் புழுதி காற்றில் எழுந்து அக்கம்பக்கத்தாரின் மார்பை அடைத்தது. இந்த நூற்றாண்டில் நகரம் அந்தப் புழுதியை அடக்குவதற்காகவே கோடிக்கணக்கான டாலர் செலவிட்டு, ஏரிப் படுகையின்மீது கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பாய்ச்சி வருகிறது.

அம்மாள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், "காலையில் தொட்டியில் பிடித்தோமே, அந்த இருபது காலன் இங்கேயிருந்து போனதுதானா?" என்று கேட்டார். நகரத்துக் குழாயில் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரும் கலந்து வருகிறது என்று நண்பர் சொன்னார். "அப்படியானால் வழியிலே கொட்டியிருக்க வேண்டாம். இவ்வளவு தூரம் இழுத்து வந்து இங்கேயே கொட்டியிருக்கலாம்" என்றார் அம்மாள்.

அன்றிரவு லோன் பைனில் தங்கினோம். ஊர் சிறியது, அதற்குச் சினிமாப் பெருமை பெரிது. நூற்றுக்கணக்கான குதிரைச் சண்டைப் படங்களை இங்குள்ள பாறைகளிடையே பிடித்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு காட்சிசாலையே இருக்கிறது. நமக்குப் பிரியமான விஷயம் வேறு. 1954-ஆம் வருஷம் வெளிவந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற ஹாஸ்யப் படத்தின் மலைப்பாதைக் காட்சியை இந்த ஊரிலிருந்து விட்னி சிகரத்தின் அடிவாரத்துக்கு ஏறும் சாலையில்தான் எடுத்தார்கள். லூஸில் பாலும் டெஸி ஆர்னஸும் நடித்தது. புது மணமகள் போகுமிடமெல்லாம் அழகான கல் பொறுக்கி டிரெய்லரில் சேர்க்கிறாள். மலை ஏறுமுன் எல்லாவற்றையும் எறிந்துவிடு என்று கணவன் சொல்ல, அவள் எறியாமல் ஒளித்து வைக்கிறாள். பிறகு பாதாளத்தை ஒட்டிய வளைவுகளில் நடக்கும் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம். நண்பர் அந்தக் கதையை ரசித்துச் சொல்லி முடித்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பி, "கிரைண்டரைத் தவிர வேறொன்றும் ஒளித்து வைக்கவில்லையே?" என்றார். அம்மாள் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபிக்குச் சர்க்கரை குறைவாக இருந்தது.

லோன் பைனுக்கு வடக்கே பத்து மைலுக்குள், சாலையின் இடப்புறத்தில் ஒரு காவற்கோபுரம் தனியே நிற்கிறது. நண்பர் நிறுத்தாமலே போய்விடுவதாக இருந்தார். டிரெய்லரோடு திருப்பி நிறுத்துவது அவருக்கு இன்னும் கைவரவில்லை. "அது என்ன, அப்பா?" என்று குழந்தை கேட்டதால் நிறுத்த நேர்ந்தது.

அந்த இடத்துக்கு மன்ஸனார் என்று பெயர். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். முதலில் இங்கே பாயூட் என்ற பூர்வகுடிகள் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி வாழ்ந்தார்கள். 1863-இல் பட்டாளத்தார் அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரை ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு 1910-இல் வெள்ளைக் குடியானவர்கள் ஆப்பிள் பயிரிட்டு ஓர் ஊரை உண்டாக்கினார்கள். நகரம் தண்ணீரை வாங்கிற்று, ஊர் கலைந்தது. மூன்றாவதாக வந்தவர்கள் தாமாக வந்தவர்களல்லர்.

1941 டிசம்பரில் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த ஆண்டு, மேற்குக் கடற்கரையில் குடியிருந்த ஜப்பானிய வம்சத்தார் அனைவரையும் அரசாங்கம் வெளியேற்றியது. சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. முள்வேலியிட்ட பத்து முகாம்கள். அவற்றில் மன்ஸனார் ஒன்று. ஒரு சதுர மைலுக்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அதே 1942-இல்தான், ஆகஸ்டு மாதத்தில், நம் தலைவர்களையும் விசாரணையின்றிச் சிறைக்குள் அடைத்தார்கள். ஜனநாயகத்துக்காக யுத்தம் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகளும் அந்த ஒரே ஆண்டில் செய்த காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நமது மனத்தைத் தைத்தது வேறொரு சிறு விஷயம். வெளியேற்றும் கட்டளையில், என்ன கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தார்கள். படுக்கை, மாற்றுடை, முகம் கழுவும் சாமான்கள், ஆளுக்கொரு தட்டு, கரண்டி. இவை எல்லாம் சேர்ந்து, ஒரு குடும்பம் கையால் சுமக்கக்கூடிய அளவே. வளர்ப்பு மிருகங்கள் ஒன்றும் கூடாது. சில நாள் அவகாசத்தில் வீடும் கடையும் படகும் பயிரும், கேட்ட விலைக்கு விற்றோ விலையின்றி விட்டோ கிளம்பினார்கள்.

பழைய கொட்டடிகளை இங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓர் அறை: நீளம் 25 அடி, அகலம் 20 அடி. அதில் எட்டுப் பேர். ஒரே குடும்பமாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. துணிப் பைகளைக் கையில் கொடுத்து, வைக்கோலைத் தாங்களே திணித்து மெத்தை செய்துகொள்ளச் சொன்னார்கள். பலகை இடுக்குகளின் வழியே அந்த ஏரிப் பக்கத்துப் புழுதிக்காற்று வந்து, காலையில் எழுந்தால் போர்வையின்மேல் மண் படிந்திருக்குமாம். அப்படியிருந்தும் அவர்கள் அங்கே கல்லடுக்கிக் குளம் வெட்டிப் பூந்தோட்டம் போட்டிருக்கிறார்கள். அவற்றின் கற்களை இப்போது மண்ணிலிருந்து தோண்டி எடுத்துக் காட்டுகிறார்கள். பின்புறம், மலையைப் பார்த்தபடி இடுகாடு. அதில் 1943-இல் முகாம்வாசிகளே எழுப்பிய வெண்ணிறத் தூண். அதன் அடியில் வந்தவர்கள் காகிதக் கொக்குகளும் காசுகளும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

1945 நவம்பரில் முகாமை மூடினார்கள். 1988-ஆம் வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது; உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. காலம் கடந்த மன்னிப்புத்தான். ஆனாலும், தான் செய்த பிழையை மறைக்காமல், அதே இடத்தில் சீருடைக் காவலர்களை நிறுத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துச் சொல்லும்படி வைத்திருப்பதைக் குறைவாக மதிப்பிட நமக்கு மனம் வரவில்லை.

குழந்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காருக்குத் திரும்பியதும், பின்கதவு திறந்திருந்த டிரெய்லரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா! கையால் தூக்கக்கூடியது என்றால், நான் எத்தனை ராத்தல் தூக்கலாம்?"

"பத்து, பன்னிரண்டு இருக்கும், அம்மா."

"என் நாய்க்குட்டி பதினெட்டு ராத்தல். நேற்று அப்பா கணக்குப் போட்டபோது, வீட்டிலே விட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று சொன்னார்."

நண்பர் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். டயரில் ஒரு குறையும் இல்லை.

பிஷப் என்ற ஊருக்கு வடக்கே ஷெர்வின் ஏற்றம். நாலாயிரத்துச் சொச்சம் அடியிலிருந்து ஏழாயிரம் அடிக்குச் சாலை ஏறுகிறது. நண்பர் குளிர்சாதனத்தை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வலது ஓரத்தில் லாரிகளுக்குப் பின்னால் 40 மைலில் போனார். யாருக்கும் அவசரமில்லை. இயந்திரத்தின் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. 1,700 ராத்தலோடு இந்த ஏற்றத்தில் முக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவர் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். அம்மாள் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஏற்றத்துக்குக்கூட அவ்வளவு பயமில்லை. திரும்பி வரும்போது இதே சாலையில் இறங்க வேண்டுமே! அதற்கு வழி, உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியரில் இயந்திரத்தின் பிடியிலேயே இறங்குவது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இராமல், அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகம் குறைந்ததும் விட்டுவிடுவது. விடாமல் மிதித்தால் பிரேக் காய்ந்து செயலற்றுப் போகும். இந்த முறையில் இரண்டு நாள் கழித்து ஒரு விக்கினமும் இல்லாமல் இறங்கினோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

அன்று மாலை பைன் மரங்களிடையே ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். அங்கே குழாய் இருந்தது. மொஹாவேயில் காலிசெய்த தொட்டியைத் தளும்ப நிரப்பினோம். நிற்கிற வண்டியில் தண்ணீருக்கு எடையில்லை. விறகும் அங்கேயே விலைக்குக் கிடைத்தது. மின்சார இணைப்பு இருந்ததால் கிரைண்டர் ஓடிற்று. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் மாவு பொங்குமா என்ற விவாதம் இராத்திரி பத்து மணி வரையில் நடந்தது. மறுநாள் காலையில் அது பொங்கவில்லை. தோசையாக வார்த்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

விளக்கடியில் நண்பர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அடுத்த பிரயாணத்துக்கு எவையெவை வேண்டாம் என்று எழுதினார். விறகு, இரண்டு நாற்காலி, வெயில் பந்தல். கிரைண்டருக்கு நேரே பேனாவை நிறுத்தி மனைவியைப் பார்த்தார். அம்மாள் நோட்டை வாங்கி, 'பந்தல், 40 ராத்தல்' என்பதை இன்னொரு முறை அழுத்தி அடித்துவிட்டு, கிரைண்டருக்கு எதிரே 'காரின் முன்பக்கம், என் காலடியில்' என்று எழுதினார். பிறகு குழந்தை வாங்கினாள். கடைசி வரியில், பென்சிலால், நாயின் பெயரை எழுதி, பக்கத்தில் '18' என்று போட்டாள். நண்பர் கூட்டிப் பார்த்தார். 850-க்குள் அடங்கவில்லை, ஒன்பது ராத்தல் மிகுந்தது.

அதன் பிறகு மூவரும் சேர்ந்து நம்மை நோக்கித் திரும்பினார்கள்.